வீட்டுக் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

நூல் விலையைப் பற்றியும், உரத்தைப் பற்றியும், கடன் தவணையைப் பற்றியும் எழுதவேண்டிய கூட்டுறவு மாத வெளியீட்டில் தொடக்கப் பள்ளியின் கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்களில் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர் என்பதையும், அவர்கள் பின்னர்த் தம் கடையின் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். எழுத்தும் கணக்கும் அறியாத அங்கத்தினரைக் கொண்டு சங்கம் நடத்த இயலாது என்பதை அவர்கள் தம் அனுபவத்தில் கண்டவர்கள்.

நம் சங்கங்களிலும் அதே நிலைதான். பாவுக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பதை விரல் மடக்கிச் சொல்லிவிடும் நெசவாளர், அதே நூல் இருப்புப் புத்தகத்தில் ஏறியிருக்கும் வரியைக் காட்டினால் திகைத்து நிற்கிறார். வயலில் கண்டுமுதல் எவ்வளவு தேறும் என்று வரப்பில் நின்றபடியே மதிப்பிடும் விவசாயி, கடன் கணக்கில் அசல் எது, வட்டி எது என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கையெழுத்திட்டுச் செல்கிறார். இவர்கள் கணக்கு அறியாதவர்கள் அல்லர். இவர்கள் அறிந்த கணக்கு வேறு உருவில் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள கணக்கு வேறு உருவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்பதை இவர்களுக்குச் சிறு வயதில் யாரும் காட்டவில்லை.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீர்க்காயும் பழமும் விற்ற ஐந்து சிறார்களை ஆராய்ந்து தெரசீனா நூனெஸ் கராஹர் முதலிய மூன்று அறிஞர்கள் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம், 35 குருசேரோ விலையுள்ள காய்கள் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டனர். அவன் மூன்று காய்க்கு 105 என்றும், இன்னும் மூன்று சேர்ந்தால் 210 என்றும் கூட்டி, மேலும் மூன்று சேர்த்து 315 என்றும், கடைசி ஒன்றைச் சேர்த்து 350 என்றும் முடித்தான். பள்ளியிலோ பத்தால் பெருக்க ஒரு சுழியம் இட்டால் போதும் என்று சொல்லித் தந்திருப்பார்கள். அது அவன் நினைவுக்கு வரவே இல்லை. தெருவில் கேட்ட கணக்குகளில் இச்சிறார் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் சரியாகச் செய்தனர். அவற்றுக்கு ஒத்த கணக்குகளையே கதையில்லாமல் வெறும் எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37-க்கும் குறைவு.

நம் நாட்டிலும் டில்லி, கல்கத்தா நகரச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 சிறாரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் 2025-இல் வெளியிட்டுள்ளனர். அங்கும் அதே கதை. சந்தைச் சிறார் சிக்கலான விலைக் கணக்கை மனத்திலேயே போட்டனர். பள்ளி முறையில் எழுதிய கணக்கில் தடுமாறினர். இந்த ஆய்வில் மறுபுறமும் பார்த்தார்கள் என்பதே நமக்கு முக்கியம். அருகிலிருந்த பள்ளிகளில் படிக்கும் 471 பிள்ளைகள் தாளில் உள்ள எளிய கணக்குகளை ஒருவாறு செய்தனர். சந்தைக் கணக்கை முன்வைத்தபோது, வேலை செய்யும் சிறாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சரியாகச் செய்த ஒரு கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவரே செய்ய முடிந்தது.

ஆகவே வீட்டுக் கணக்கு தானாக ஏட்டுக்குச் செல்வதில்லை. ஏட்டுக் கணக்கும் தானாக வீட்டுக்கு வருவதில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அதைப் போடவேண்டியவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பாலத்துக்கு வேண்டிய கல்லும் மண்ணும் நம் வீடுகளிலும் தறிக்கூடங்களிலும் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் தறியை எடுத்துக்கொள்வோம். 40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல் என்று நாம் நாள்தோறும் பேசுகிறோம். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விழிக்கும். சில வேளைகளில் பெரியவர்களும் விழிப்பதுண்டு. ஒரு சிட்டம் என்பது 840 கெஜ நீளமுள்ள நூல். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நூலின் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40-ஆம் நம்பர். 80 சிட்டம் நின்றால் 80-ஆம் நம்பர். எண் ஏற ஏற நூல் ஏன் மெலிகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். ஒரே எடையை மிகுதியான நீளத்துக்குப் பங்கிட்டால் இழை மெல்லியதாகத்தானே ஆகவேண்டும்? எதிர்விகிதம் என்று மேல் வகுப்பில் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பாடம் இவ்வளவுதான். மெட்ரிக் அளவைகள் வந்து பல்லாண்டுகள் ஆகியும் பருத்தி நூலின் நம்பர் மட்டும் கெஜத்தையும் பவுண்டையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது; பிள்ளைக்கு அலகு மாற்றும் பயிற்சிக்கு அதுவும் ஒரு வாய்ப்பு.

இனி ஒரு பாவின் கணக்கு. அகலம் 42 அங்குலம். அங்குலத்துக்கு 60 இழை செல்லும் அச்சு. பாவின் நீளம் 20 கெஜம். நூல் 40-ஆம் நம்பர். எடை எவ்வளவு? பிள்ளை படிப்படியாகச் செல்லட்டும். 42-ஐ 60-ஆல் பெருக்க 2,520 இழை. ஒவ்வோர் இழையும் 20 கெஜம். ஆக 50,400 கெஜம். இதை 840-ஆல் வகுக்கச் சரியாக 60 சிட்டம். பவுண்டுக்கு 40 சிட்டம் என்பதால் ஒன்றரைப் பவுண்டு. ஒரு பவுண்டு ஏறத்தாழ 453.6 கிராம், ஆகவே பாவு நூல் சுமார் 680 கிராம். (கழிவுக்கும் முடிச்சுக்கும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை, பிள்ளைக்குச் சொல்லவேண்டும்.) அதே பாவை 60-ஆம் நம்பர் நூலில் போட்டால் ஒரு பவுண்டு, 80-ஆம் நம்பரில் முக்கால் பவுண்டு. பெருக்கல், வகுத்தல், பின்னம், அலகு மாற்றம், எதிர்விகிதம் ஆகிய ஐந்தும் ஒரே பாவில் வந்துவிட்டன.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. பிள்ளையின் தந்தை இக்கணக்கைத் தாளின்றி வேறு வழியில் போடக்கூடும். போன பாவுக்கு இவ்வளவு சென்றது, இந்தப் பாவு அதைவிட நாலு கெஜம் கூடுதல், ஆகையால் இவ்வளவு என்று அவர் சொல்வார். அந்த வழி தவறானதன்று. ஆசிரியர் கரும்பலகையில் இடப்புறம் தந்தையின் வழியையும், வலப்புறம் புத்தகத்தின் வழியையும் எழுதி, இரண்டும் ஒரே விடையில் வந்து சேர்வதைக் காட்டவேண்டும். பாலம் என்று நாம் சொன்னது இதையே. பாடப்புத்தகத்தின் அட்டையில் தறியின் படம் அச்சிட்டுவிட்டு உள்ளே பழைய கணக்குகளையே வைத்தால் அது பாலமாகாது, வெறும் அலங்காரம்.

அடுத்துப் பின்னம். நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் இடறி விழும் இடம் இதுவே. ஆயினும் பின்னத்துக்கு இத்தனை பெயர்களை இட்டு வழங்கிய மொழிகள் மிகச் சிலவே. அரை, கால், முக்கால், அரைக்கால் ஆகியவை இன்றும் வழக்கில் உள்ளன. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. மாகாணி என்பது பதினாறில் ஒரு பங்கு. அதற்கே வீசம் என்ற பெயரும் உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பொன்னிலக்கம் என்ற வாய்பாடு முந்திரியில் தொடங்கி மேலேறும். நெல்லிலக்கம் செவிட்டில் தொடங்கிக் கலத்தில் முடியும். இவற்றுக்கு மேல் எண்சுவடி, குழிமாத்து என்று வரிசையாகச் செல்லும்.

காவிரிப் பாசனப் பகுதி அங்கத்தினர்களுக்கு மா என்ற சொல் புதிதன்று. அங்கே 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. அதாவது நிலத்தின் மா, வேலியில் இருபதில் ஒரு பங்கு. பின்னத்தின் பெயரும் நிலத்தின் பெயரும் ஒன்றாகவே நிற்கின்றன. இதை வைத்துக்கொண்டு நான்காம் வகுப்பில் ஓர் அருமையான பாடம் நடத்தலாம். தரையில் ஒரு பெரிய நாற்கோணம் வரைந்து அதை வேலி என்று கொள்க. அதை நீளத்தில் ஐந்தும் அகலத்தில் நான்குமாகப் பிரித்தால் இருபது கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஒரு மா. ஒரு கட்டத்தை மட்டும் நான்காக அறுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு காணி. முழு நாற்கோணத்தில் எண்பது காணி அடங்கும். (இங்கே காணி என்றது பின்னத்தின் பெயர். வட மாவட்டங்களில் அதே பெயரில் வழங்கிய நில அளவை வேறு.) இப்போது மாகாணி என்ற சொல்லைப் பிள்ளைகளே பிரிக்கட்டும். ஒரு மாவும் ஒரு காணியும். மாவில் நான்கு காணி. அதோடு ஒன்று சேர ஐந்து காணி. எண்பதில் ஐந்து எத்தனை முறை அடங்கும்? பதினாறு முறை. ஆகவே 1/20-உம் 1/80-உம் கூடினால் 1/16. பகுதி எண்கள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டப் பொதுப் பகுதி காணவேண்டும் என்ற விதியை மனப்பாடம் செய்யாமலே பிள்ளை அதன் காரணத்தைக் கண்ணால் கண்டுவிட்டது. அந்தக் கணக்கு ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது என்பதை அறியும்போது அதன் முகம் மலர்வதைக் காணலாம்.

ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ரூபாயின் மாகாணி ஓர் அணா. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நூறு காசு முறை வந்தபின் பதினாறாம் வாய்பாட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. இன்றும் பழைய தலைமுறையினர் கால் ரூபாயை நாலணா என்பதைக் கேட்கும் பிள்ளை, பதினாறில் நான்கு, நூறில் இருபத்தைந்து ஆகிய இரண்டும் ஒன்றே என்பதை உணரட்டும். நூற்றுவீதம் கற்க அதைவிட எளிய வாயில் இல்லை.

நெல்லளவையை விரைந்து பார்த்துச் செல்வோம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பெரும்பாலும் இரட்டித்துச் செல்லும் ஏணி இது. கலத்துக்கு 96 நாழி என்பதைப் பிள்ளைகள் பெருக்கிக் காணலாம். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. வாங்கும் படி ஒன்று, விற்கும் படி ஒன்று என வைத்து ஏழைகளை வஞ்சித்த கதைகளும் உண்டு. சாணால் மேசையை அளக்கச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு எட்டுச் சாண், மற்றொரு பிள்ளைக்கு ஒன்பது சாண் வரும். 1956-ஆம் ஆண்டின் நிறை, அளவைச் சட்டம் எதற்காக வந்தது என்பதை அந்தச் சாண் கணக்கே விளக்கிவிடும்.

திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து பேசும்போது அதன் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கும், பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. அடியும் மனப்பாடமுமே அங்கே முறையாக இருந்தன. முந்திரி வாய்பாட்டை ஓதிய பிள்ளைகள் எல்லாரும் அதன் பொருளை உணர்ந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. அக்காலத்து அறிவில் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வோம். அதன் பிரம்பையும் அடைத்த கதவையும் விட்டுவிடுவோம். அக்கணக்கு மரபை விரிவாக அறிய விரும்புவோர்க்கு, செந்தில் பாபு என்னும் ஆய்வாளர் 2022-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெரிய நூல் ஒன்று உண்டு.

காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் வழி ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளுகளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது விதி. இதைப் பெருமையோடு மேடையில் சொல்வோர் பலர். பழத்தை அறுத்துப் பார்த்துச் சொல்வோர் சிலரே. பலாப்பழக் காலத்தில் வகுப்பில் ஒரு பழத்தை வைத்து, முதலில் விதிப்படி கணக்கிட்டு, பிறகு அறுத்து எண்ணிப் பார்க்கலாம். விடை பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் பிள்ளைகளுக்குப் பாடமும் சுளையும் கிடைக்கும்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆண்கள் கையாண்ட கணக்குகள். நம் பெண்கள் விடியற்காலையில் வாசலில் போடும் கணக்கு இவற்றினும் நுட்பமானது. கோலத்தில் நேர்ப்புள்ளி என்றும் இடுக்குப்புள்ளி என்றும் இருவகை உண்டென்பதை யாவரும் அறிவர். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் மொத்தம் எத்தனை? கூட்டினால் 25. கூட்டாமலும் காணலாம். ஒன்று முதல் ஏழு வரை உள்ள ஒற்றை எண்கள் நான்கு. அவற்றின் கூட்டல் நாலு நாலு பதினாறு. எஞ்சிய ஐந்து, மூன்று, ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்து மூமூன்று ஒன்பது. ஒற்றை எண்களை முதலிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு சதுர எண் வரும் என்பதைப் புள்ளிகளை நகர்த்திப் பார்த்தே பிள்ளைகள் அறியலாம். ஏழு புள்ளி, நாலு வரை இடுக்கு என்று வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. கோலமாவு வீணாகாமல் இருக்க இதை முன்னமே மனத்தில் அமைத்துக்கொள்ளும் தாய்மார் நம் வீடுகளில் எத்தனை பேர்!

தென்னை வளர்க்கும் அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். 25 அடிக்கு 25 அடி சதுர முறையில் தென்னை வைப்பது நேர்ப்புள்ளிக் கோலமே. ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. வகுத்தால் ஏறத்தாழ 70 மரம். அதே 25 அடி இடைவெளியை எல்லாப் பக்கமும் காத்து முக்கோண முறையில் வைத்தால் அது இடுக்குப்புள்ளி. வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் சுமார் 21 அடி 8 அங்குலமாகக் குறைகிறது. ஏக்கருக்கு 80 மரம் அளவில் கொள்ளும். நூற்றுக்குப் பதினைந்து மரம் மிகுதி. தோப்பில் தந்தை வைத்த வரிசையும் வாசலில் தாய் வைத்த புள்ளியும் ஒரே கணக்கு என்பதை அறிந்த பிள்ளை பரப்பளவை மறக்காது.

சிக்குக் கோலத்தில் இன்னும் ஒரு விந்தை உண்டு. புள்ளிகளை நீள்சதுரமாக வைத்து, கோட்டைப் புள்ளிகளுக்கு இடையே சாய்வாக இழுத்து, நடுவில் எங்கும் திருப்பாமல் ஓரத்தில் மட்டும் வளைத்துக்கொண்டு வந்தால் தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பும். சில வேளை ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிடும். சில வேளை இரண்டு மூன்று கோடு வேண்டியிருக்கும். இரண்டுக்கு மூன்று புள்ளியானால் ஒரு கோடு. இரண்டுக்கு நான்கானால் இரண்டு கோடு. மூன்றுக்கு மூன்றானால் மூன்று. மூன்றுக்கு நான்கானால் மீண்டும் ஒன்று. நான்குக்கு ஆறானால் இரண்டு. இதன் விதி என்ன? இரு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களுள் மிகப் பெரியது எதுவோ அத்தனை கோடுகள். மீப்பெரு பொதுக் காரணி என்று ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஏணிபோல் எண்களை அடுக்கி வகுத்துக் காணும் அதே எண், கோலத்தில் கோடாக வந்து நிற்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வின் பயனாகக் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தின் அமைப்பைக் கணிப்பொறி இயலின் இலக்கண விதிகளாக எழுதி வெளியிட்டனர். வாசற்கோலத்தில் கணிதம் இருக்கிறது என்பது நம் வீண் பெருமை அன்று என்பதற்கு இது சான்று.

பல்லாங்குழியைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து என்றால் எழுபது. நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும் ஆட்டத்தில் நான்காம் வாய்பாடு தானே படிகிறது. ஒரு குழியிலிருந்து பதினேழு முத்தை எடுத்து விதைத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று ஆடுமுன்னே கேட்டால், ஒரு சுற்றுப் போய் மூன்று குழி தள்ளி என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கும். வகுத்தலில் மீதிக்கு என்ன வேலை என்பது அப்போது தெரியும்.

இனி, நம் கருத்துக்கு எழக்கூடிய மிகக் கடுமையான தடையை எடுத்துக்கொள்வோம். நெசவாளர் பிள்ளைக்குத் தறிக் கணக்கும், உழவர் பிள்ளைக்கு வயல் கணக்கும் சொல்லித் தருவதென்றால் அப்பிள்ளைகளை அப்பன் தொழிலிலேயே கட்டிப்போடும் சூழ்ச்சி அல்லவா என்று கேட்பார்கள். இக்கேள்விக்கு நம் மாநிலத்தில் வரலாறு உண்டு. 1953-இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தனர்; 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரியே என்பது நம் உறுதியான கருத்து. நாம் கேட்பது பள்ளி நேரத்தைக் குறைப்பதை அன்று. பிள்ளையைத் தறிக்குழியில் உட்கார வைப்பதையும் அன்று. தறியின் கணக்கைப் பள்ளிக்குள் கொண்டுவருவதை மட்டுமே கேட்கிறோம். அதுவும் நெசவாளர் பிள்ளைக்கு மட்டுமன்று. ஆசிரியர் பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் சிட்டக் கணக்கைப் போடட்டும். நெசவாளர் பிள்ளை தென்னைக் கணக்கைப் போடட்டும். கோலப் புள்ளியை ஆண் பிள்ளைகளும் வைக்கட்டும். அப்பிள்ளை நாளை பொறியியல் படித்தாலும், வங்கியில் அமர்ந்தாலும், தறியிலேயே இருந்தாலும் அக்கணக்கு அதற்கு உதவும்.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலிலிருந்தே எழுத்தையும் எண்ணையும் வளர்க்க எண்ணியது. எண்ணம் பெரிது. ஆனால் தக்ளி சுழன்ற பள்ளிகள் எல்லாவற்றிலும் அதிலிருந்து கணக்குப் பிறந்தது என்று சொல்ல இயலாது. நூற்பது ஒரு வேளை, கணக்கு ஒரு வேளை என்று இரண்டும் தனித்தனியே ஓடினால் பயன் இல்லை. நூற்ற நூலை அளந்து, எழுதி, வகுத்துப் பார்க்கும்போதே அது பாடமாகிறது.

ஆசிரியர்க்கு நேரமில்லை என்பதும் ஓரளவு உண்மை. ஆயினும் 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புகளில் பொருள்களைக் கையாண்டும் ஆடிப்பாடியும் கற்பிக்க வழி திறந்திருக்கிறது. திறந்த வழியில் எதைக் கொண்டுபோய் வைப்பது என்பதில் ஊரார் உதவலாம். இதில்தான் நம் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. பழைய அச்சு ஒன்று, வெவ்வேறு நம்பர் நூலில் ஒவ்வொரு சிட்டம், ஒரு தராசு, ஒரு மரக்கால், ஒரு படி, அளவுநாடா ஒன்று ஆகியவற்றைப் பள்ளிக்குக் கொடுத்துவைக்கச் சங்கத்துக்குப் பெரிய செலவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் மூத்த நெசவாளர் ஒருவரும் தாய்மார் ஒருவரும் ஆசிரியரின் அழைப்பின்பேரில் வகுப்புக்குச் சென்று தம் வழியில் கணக்குப் போட்டுக் காட்டலாம். பெயரும் ஊரும் நீக்கிய பழைய நூல் இருப்புத் தாள் ஒன்றை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசித்துக் கூட்டிப் பார்க்கட்டும். வாசிக்கக் கற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து தந்தையின் கணக்குப் புத்தகத்தையும் வாசிக்கும். சங்க எழுத்தருக்கு அதனால் கேள்விகள் மிகும்; மிகட்டும்.

பிள்ளைகளுக்கென மூன்று கணக்குகள் கீழே தருகிறோம். பெரியவர்கள் விடையைச் சொல்லிவிடாமல், பிள்ளை போட்ட வழியை மட்டும் கேட்டறிய வேண்டுகிறோம்.

அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 70 இழை, நீளம் 25 கெஜம் உள்ள பாவுக்கு 80-ஆம் நம்பர் நூல் எத்தனை பவுண்டு வேண்டும்?

12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுர அடி. ஒரு மா நிலத்தில் 25 அடிச் சதுர முறையில் எத்தனை தென்னை கொள்ளும்?

ஆறுக்கு ஒன்பது புள்ளி வைத்து மேலே சொன்ன முறையில் சிக்குக் கோலம் போட்டால் எத்தனை கோடு வரும்? முதலில் சொல்லிவிட்டுப் பிறகு போட்டுப் பார்க்கவும்.